ஒரே பள்ளிக்கூடம், ஒன்பது வருட வேலை, மூன்று முறை ‘புது ஆள்’

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடம் கூட்டுகிறவர்களும், மருத்துவமனை வார்டு துடைக்கிறவர்களும், அரசாங்கக் கட்டட வாசலில் ஜாகா (காவல்) வேலை பார்க்கிறவர்களும் கோரிக்கை மனுவோடு நாடாளுமன்றத்துக்குப் போகிறார்கள். சம்பளம்தான் ஏறிவிட்டதே, இன்னும் என்ன என்று பலர் கேட்கிறார்கள். கேள்வியில் தப்பில்லை. செய்தியில் தலைப்பாவது சம்பளத் தொகை மட்டும்தான். ஆனால் இந்தத் தொழிலாளர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் தொகையைப் பற்றியதே இல்லை. நாங்கள் வேலை பார்த்த வருடங்களைக் கணக்கில் எடுங்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இந்த வேலையில் நம் பெண்கள் நிறையப் பேர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது பட்டணத்துக்கு வந்த குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த வேலைகளில் இதுவும் ஒன்று. செந்தூலிலும் கெப்போங்கிலும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இந்த வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களை நாம் எல்லாரும் அறிவோம். விஷயத்தை அடியிலிருந்து பார்ப்பது அவர்களுக்கு நாம் கொடுக்கவேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

‘கொன்ட்ராக்ட்’ என்ற ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு நிலைமைகளுக்குப் பயன்படுத்துகிறோம். குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிறது.

1. ஒப்பந்த ஊழியர். அரசாங்கமே நேரடியாக, ஆனால் குறித்த காலத்துக்கு மட்டும் நியமிப்பவர். 2021 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒப்பந்த மருத்துவர்கள் இந்த வகை. அவர்களுடைய முதலாளி அரசாங்கம்.

2. குத்தகைத் தொழிலாளர். வேலை செய்யும் இடம் அரசாங்கத்துடையது. கூட்டுவது அரசாங்கப் பள்ளியை, காவல் காப்பது அரசாங்க வாசலை. சம்பளச் சீட்டில் இருப்பதோ ஒரு தனியார் நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் அமைச்சிடம் டெண்டர் எடுத்த குத்தகையாளர், அல்லது அவரிடமிருந்து வேலையைப் பிரித்து வாங்கிய துணைக் குத்தகையாளர். இந்தக் கட்டுரை இவர்களைப் பற்றியது.

3. கிக் தொழிலாளர். செயலி வழியாகச் சாப்பாடு கொண்டுபோகிறவர், கார் ஓட்டுகிறவர். இவர்களுக்கு முதலாளியே இல்லை, இவர்கள் ‘பங்காளிகள்’ என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. 2025 ஆகஸ்டு 28 அன்று மக்களவை இவர்களுக்கென்று தனிச் சட்ட மசோதாவை நிறைவேற்றியது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. வேலையால் பயன்பெறுகிறவர் அதைச் செய்கிறவருக்கு முழுப் பொறுப்பேற்பதில்லை. இரண்டாவது வகையில் இந்த இடைவெளி மிக அகலம்.

குத்தகை எப்படி வந்தது

1980களில் மகாதீர் அரசாங்கம் தனியார்மயக் கொள்கையைக் கொண்டுவந்தது. 1990களின் நடுப்பகுதியில் அரசாங்க மருத்துவமனைகளின் ஐந்து துணைச் சேவைகள் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டன: துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவு அகற்றுதல், கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு. அதுவரை மருத்துவமனை அட்டெண்டன்ட் என்றால் அரசாங்க ஊழியர். வருடா வருடம் சம்பள உயர்வு, ஓய்வூதியம், வீடு வாங்கக் கடன் எல்லாம் உண்டு. தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் ஒரு தலைமுறையில் நிமிர்வதற்கு அந்தக் கடைநிலை அரசாங்க வேலை ஏணியாக இருந்தது. பள்ளிகளின் துப்புரவும் காவலும் பின்னாலேயே குத்தகைக்குப் போயின. ஏணியின் கீழ்ப்படி கழன்றது அப்போதுதான்.

டெண்டரில் என்ன நடக்கிறது? துப்புரவு வேலையில் பெரிய இயந்திரம் கிடையாது. மருந்து, துடைப்பம், சீருடை போக மிச்சச் செலவெல்லாம் சம்பளம்தான். ஆகவே யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவர் அந்தக் குறைவைத் தொழிலாளரிடமிருந்துதான் எடுத்தாகவேண்டும். சட்டத்துக்குக் கீழே சம்பளம் கொடுக்க முடியாது; கொடுத்தால் ஒரு தொழிலாளருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம். எனவே வேறு வழிகள் பிறக்கின்றன. எட்டுப் பேர் செய்த வேலைக்கு ஆறு பேர். முழுநேர வேலை அரைநேரமாகும். 1,700 என்ற மாதக் கணக்கு போய் மணிக்கு 8.72 ரிங்கிட் என்ற கணக்கு வரும். சேமநிதிப் பணம் பிடிக்கப்படும், கட்டப்படுவது தாமதமாகும். நடுவில் துணைக் குத்தகையாளர் ஒருவர் நுழைந்தால் அவருடைய லாபமும் இதே பானையிலிருந்துதான்.

ஒன்பது வருடக் கணக்கு

கோலாலம்பூரில் ஒரு பள்ளியில் 2016 ஜூலையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் கற்பனை செய்வோம். குத்தகை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2019இல் ஒரு நிறுவனம், 2022இல் இன்னொன்று, 2025இல் மற்றொன்று. பள்ளி அதே பள்ளி, அலமாரிக்குள் வாளியும் அதே வாளி. தலைமையாசிரியர்கள் மாறியிருப்பார்கள், இவர் மாறவில்லை. சட்டத்தின் கண்ணில் மட்டும் ஒவ்வொரு முறையும் புது ஆள்.

முதலில் அவருடைய சம்பளம். சேர்ந்தபோது 1,000 ரிங்கிட். 2019இல் 1,100. 2020 பிப்ரவரியில் நகர எல்லைக்குள் 1,200. 2022 மே மாதம் 1,500. 2025இல் 1,700. ஒவ்வொரு உயர்வும் அரசாங்க ஆணையால் வந்தது. அனுபவத்துக்காக எந்த முதலாளியும் பத்துக் காசு கூட்டித் தரவில்லை. நேற்றுச் சேர்ந்தவருக்கும் 1,700, ஒன்பது வருடம் இருந்தவருக்கும் 1,700. குறைந்தபட்சச் சம்பளம் என்பது தரை. குத்தகை வேலையில் அதுவே கூரையும் ஆகிவிட்டது.

அடுத்தது சம்பளத்தில் தெரியாத இழப்புகள். நம் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் பல உரிமைகளைச் சேவைக் காலத்தோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கிறது.

1. ஆண்டு விடுப்பு. இரண்டு வருடத்துக்குள் 8 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 12 நாள், ஐந்து வருடம் ஆனால் 16 நாள். நம் தொழிலாளருக்கு 16 நாள் கிடைத்திருக்கவேண்டும். ஆனால் மூன்று வருடக் குத்தகையில் 12ஐத் தாண்டவே வழியில்லை. குத்தகை மாறிய மறுநாள் திரும்பவும் 8. தீபாவளிக்கு முன்னும் பின்னும் ஊருக்குப் போய்வர நாட்களை எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இது சின்ன எண்ணில்லை.

2. மருத்துவ விடுப்பு. அதே வரிசையில் 14, 18, 22 நாள். வயது ஏற ஏற முழங்காலும் முதுகும் தேய்கிற வேலை இது. உடம்புக்கு அதிக நாள் தேவைப்படும் வயதில் கணக்கு 14க்குத் திரும்புகிறது.

3. முன்னறிவிப்பு. வேலையைவிட்டு நிறுத்தவேண்டுமானால் இரண்டு வருடத்துக்குள் இருப்பவருக்கு 4 வாரம், ஐந்துக்கு மேல் இருப்பவருக்கு 8 வாரம்.

4. வேலைநீக்க இழப்பீடு. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். ஒரே முதலாளியிடம் ஒன்பது வருடம் இருந்து ஆட்குறைப்பில் வேலை போயிருந்தால் 180 நாள் சம்பளம், ஏறத்தாழ 10,000 ரிங்கிட். குத்தகை முறையிலோ ‘உங்களை யாரும் நிறுத்தவில்லை, ஒப்பந்தக் காலம் முடிந்தது’ என்ற பதில்தான் வரும். பொதுவாகக் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

5. வேலைக் காப்புறுதி. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் நடத்தும் இந்தத் திட்டம் 2018இல் தொடங்கியது. தொழிலாளர் 0.2 விழுக்காடு, முதலாளி 0.2 விழுக்காடு மாதாமாதம் கட்டுகிறார்கள். ஆனால் குறித்த காலம் முடிந்து வேலை போவது ‘வேலையிழப்பு’ என்ற சொல்லுக்குள் வராது. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டிய திட்டம், இந்தத் தொழிலாளருக்கு வேலை போகும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் அந்த ஒரு தருணத்தில் கை கொடுக்காது.

6. பேறுகாலப் படி. 2023 முதல் பேறுகால விடுப்பு 98 நாள். நல்ல திருத்தம். ஆனால் சம்பளத்தோடு அது கிடைக்க, பேறுகாலத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் அந்த முதலாளியிடம் குறைந்தது 90 நாள் வேலை பார்த்திருக்கவேண்டும். புது நிறுவனம் வந்து இரண்டாவது மாதம் குழந்தை பிறந்தால்? புதியவர் எனக்குப் பொறுப்பில்லை என்பார். குத்தகையை இழந்துபோன பழையவரைத் தேடிப்பிடித்துக் கேட்கவேண்டும். நிறைமாதப் பெண் ஒருத்தி அலைய வேண்டிய அலைச்சலா இது?

இந்த ஆறில் எதுவும் சட்டமீறல் கிடையாது. எல்லாம் சட்டப்படியே நடக்கலாம். அதனால்தான் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுப்பதோடு இது தீருவதில்லை, சட்டத்தை மாற்றச் சொல்லி வீதிக்கு வரவேண்டியிருக்கிறது.

நீதிமன்றம் எதுவரை வரும்?

குறித்த கால ஒப்பந்தம் என்று எழுதிவிட்டால் மட்டும் அது உண்மையாகிவிடாது. 2020இல் ஏய்ம்ஸ் சைபர்ஜயா என்ற நிறுவனத்தின் வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இரு தரப்பின் எண்ணம் என்ன, முதலாளி பிறகு எப்படி நடந்துகொண்டார், அந்த வேலையின் தன்மை என்ன என்று பார்க்கவேண்டும். திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தம் உண்மையில் நிரந்தர வேலையாக இருக்கலாம். ஒரே குழுமத்தின் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே தொழிலாளர் மாற்றப்பட்டிருந்தும், நீதிமன்றம் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பெரிய தீர்ப்புதான். ஆனால் நம் துப்புரவுத் தொழிலாளரின் நான்கு முதலாளிகளும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத நிறுவனங்கள். ஒன்று டெண்டரில் தோற்றது, இன்னொன்று ஜெயித்தது. தீர்ப்பின் வெளிச்சம் அந்த வாசலில் நின்றுவிடுகிறது.

ஒரு வணிகம் கைமாறும்போது சேவைக் காலம் அறுபடாமல் காப்பாற்றும் ஏற்பாடு அதே 1980ஆம் ஆண்டு விதிகளில் உண்டு. கடையை இன்னொருவர் வாங்கி, பழைய தொழிலாளர்களை முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வைத்துக்கொண்டால் பழைய சேவை தொடரும். குத்தகை மாறுவது கடை கைமாறுவதாகக் கருதப்படுவதில்லை என்பதுதான் ஓட்டை. பிரிட்டன் இந்த ஓட்டையை 2006ஆம் ஆண்டு விதிகளில் அடைத்துவிட்டது. அங்கே துப்புரவுக் குத்தகை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனால், அந்த இடத்தில் வேலை செய்யும் குழுவும் அதன் சேவைக் காலத்தோடு சேர்ந்தே போகும். நம் சட்டங்களில் பலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்குப் புரியவில்லை.

1,700 என்பது எந்தக் கோடு?

செய்திகளில் நான்கு விதமான தொகைகள் அடிபடுகின்றன. ஒன்றை இன்னொன்றாக எண்ணிக்கொள்வதால் வாதங்கள் திசைமாறுகின்றன.

1. குறைந்தபட்சச் சம்பளம், 1,700 ரிங்கிட். ஒரு ஆளுக்கு, சேமநிதி பிடிப்பதற்கு முன். 11 விழுக்காடு சேமநிதியாக 187 ரிங்கிட்டும், சொக்சோவுக்குச் சில ரிங்கிட்டும் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,500.

2. அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச வருமானம், 2,000 ரிங்கிட், நிலையான படிகளையும் சேர்த்து. 2024 டிசம்பர் முதல். பள்ளி அலுவலகத்தில் கடைநிலையில் இருப்பவருக்கும் அதே பள்ளியின் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கும் இடையே உள்ள 300 ரிங்கிட் வித்தியாசம் இது.

3. வறுமைக் கோடு. ஒரு குடும்பத்துக்கான கணக்கு. 2016 கணக்கில் 980 ரிங்கிட்டாக இருந்தது. 2019இல் ஐ.நா.வின் சிறப்பு அதிகாரி பிலிப் ஆல்ஸ்டன் இங்கே வந்து, இந்தக் கோடு உண்மைக்குப் பொருந்தவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அது 2,208ஆகத் திருத்தப்பட்டது. 2022 கணக்கில் 2,589.

4. வாழ்க்கைச் சம்பளம். பசி போக்குவதோடு நில்லாமல் பிள்ளையைப் படிக்கவைக்கவும், ஊர் விசேஷத்துக்குப் போகவும், கொஞ்சம் சேர்க்கவும் முடிகிற வருமானம். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2016ஆம் ஆண்டுக்கான கோலாலம்பூர் கணக்கைப் போட்டது: தனி ஆளுக்கு 2,700, இரண்டு பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு 6,500 ரிங்கிட்.

கணவனும் மனைவியும் ஆளுக்கு 1,700 சம்பாதித்தால் 3,400. வறுமைக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள் என்று புள்ளிவிவரம் சொல்லும். வாழ்க்கைச் சம்பளத்தில் பாதியைச் சற்றே தொடுகிறார்கள், அதுவும் 2016ஆம் ஆண்டு விலைவாசியில். இரண்டு வாக்கியமும் உண்மை. அரசாங்கம் முதலாவதைச் சொல்லும், தொழிலாளர் இரண்டாவதைச் சொல்வார்.

இதற்கு மேலே இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் தொழிலாளர்களுக்குச் சம்பளமாகப் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதை 45 விழுக்காட்டுக்கு உயர்த்துவது இலக்கு என்று 2023 ஜூலையில் அரசாங்கத்தின் மடானி பொருளாதாரத் திட்டம் அறிவித்தது. அந்த இலக்கை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அரசாங்கமே தன் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சுத்தம் செய்ய ஆளை மிகக் குறைந்த விலைக்கு ஏலம் எடுத்துக்கொண்டிருந்தால், தனியார் முதலாளிகளிடம் அது எந்த முகத்தோடு பேசும்?

முற்போக்குச் சம்பளத் திட்டம் என்று ஒன்று 2024 ஜூனில் வெள்ளோட்டம் விடப்பட்டது. திறன் கூடினால் சம்பளம் கூட்டித் தரும் முதலாளிக்கு அரசாங்கம் ஊக்கத்தொகை தரும். விருப்பமுள்ளவர் சேரலாம். மூன்று வருடத்தில் போய்விடப்போகும் குத்தகையாளருக்குத் தொழிலாளரின் திறனை வளர்க்க என்ன அக்கறை இருக்கும்? இவர்களைப் பொறுத்தவரை அதனால் பெரிய பயன் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கேட்டுத்தான் கிடைத்தது

கோரிக்கை மனுக்களைக் கண்டு சலித்துப்போனவர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவுபடுத்தவேண்டும். இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் பல உரிமைகள் இப்படி அடிமட்டத்திலிருந்து கேட்கப்பட்டவை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னே நின்றார். சீனத் தொழிலாளருக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். கூடவே கேட்டவற்றைப் பாருங்கள்: பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. பணமும் மானமும் ஒரே பட்டியலில் இருந்தன. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் பல தொழில்களையும் பல இனங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி. 1948இல் பிரிட்டிஷ் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தான் சம்மேளனமாகச் சேரலாம் என்று கட்டுப்போட்டது, சம்மேளனம் கலைந்தது. 1949 மே 4 அன்று புடு சிறையில் கணபதி தூக்கிலிடப்பட்டார்.

அந்தக் கட்டின் நிழல் நீண்டது. ஒத்த தொழில், ஒத்த துறை என்ற வரம்பு சுதந்திரத்துக்குப் பிறகும் தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குள் போனபோது, அவர்களுக்குத் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைக்க விடவில்லை. 1988இல்தான் ஆலைக்குள் மட்டும் சங்கம் என்ற அளவுக்கு இறங்கிவந்தார்கள். பள்ளிக்கூட ஜாகாவும் துப்புரவுத் தொழிலாளரும் ஒரே வாசலில் வேலை பார்த்தும் ஒரே சங்கத்தில் சேர முடியாதபடி தடுத்ததும் இந்த வரம்புதான். 2024 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை நீக்கியது. இது செய்தியில் அதிகம் பேசப்படாமல் போனது எனக்கு வருத்தம். குத்தகைத் தொழிலாளர்களுக்கு 1,700ஐவிட நீண்ட நாள் பயன் தரக்கூடியது அந்தத் திருத்தம்.

குறைந்தபட்சச் சம்பளமும் அப்படியே. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 900 ரிங்கிட் என்ற தொகையை வைத்து 2007இல் நாடு முழுவதும் மறியல் நடத்தியது. 2008 டிசம்பரில் ஜெரிட் என்ற ஒடுக்கப்பட்ட மக்கள் அமைப்பின் இளைஞர்கள் வடக்கே கெடாவிலிருந்தும் தெற்கே ஜொகூரிலிருந்தும் நாடாளுமன்றத்தை நோக்கிச் சைக்கிள் மிதித்து வந்தார்கள். வழியில் போலீஸ் பல இடங்களில் மறித்தது. அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். 2011இல் சட்டம் வந்தது, 2013 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தில் முதல் தொகை நடைமுறைக்கு வந்தது. தொகை 900 ரிங்கிட்!

வேலைக் காப்புறுதிக்கும் இதே கதை. 1998 பொருளாதார நெருக்கடியில் ஆட்குறைப்பு நடந்தபோது கேட்டது, 2018இல் கிடைத்தது. இருபது வருடம்.

இன்று இந்த வேலையை எடுத்துச் செய்வது அரசாங்கக் குத்தகைத் தொழிலாளர் கட்டமைப்பும், மருத்துவமனைத் துணைச் சேவைத் தொழிலாளர்களின் தேசியச் சங்கமும், அவர்களோடு நிற்கும் சோசலிசக் கட்சியினரும். சுகமான வேலையில்லை. 2020 ஜூன் 2 அன்று, கொரோனா வார்டுகளையும் துடைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், ஈப்போ அரசாங்க மருத்துவமனைக்கு வெளியே அமைதியாக மறியல் செய்த ஐந்து பேர் நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டிக் கைது செய்யப்பட்டார்கள். சங்கத்தை அங்கீகரிப்பது முதலாளிவாரியாக நடப்பதால், குத்தகை மாறினால் அந்தப் போராட்டமும் அனேகமாக முதலிலிருந்து.

கோரிக்கையும் மறுப்பும்

முதன்மைக் கோரிக்கை ஒரு வரியில் அடங்கும்: நிரந்தரமாகத் தேவைப்படும் வேலைக்கு நிரந்தர ஆள், நேரடி நியமனம். பள்ளிக்கூடம் இருக்கும்வரை அதைக் கூட்ட ஆள் வேண்டும். மூன்று வருடத்தில் முடிந்துபோகிற வேலையா அது? அது உடனே முடியாதென்றால் இடைக்கால ஏற்பாடாவது வேண்டும்: புதுக் குத்தகையாளர் பழைய தொழிலாளர்களையே எடுக்கவேண்டும், அவர்களுடைய சேவைக் காலம் தொடரவேண்டும் என்று டெண்டர் நிபந்தனையிலேயே எழுதுவது. இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. பணம் கொடுக்கிறவர் நிபந்தனை போடலாம்.

எதிர்வாதங்களில் முதலாவது செலவு. நேரடி நியமனம் என்றால் ஓய்வூதியச் சுமை ஏறும் என்பார்கள். 2024 முதல் புதிதாகச் சேரும் அரசாங்க ஊழியர்களுக்கே ஓய்வூதியத்துக்குப் பதில் சேமநிதி என்ற மாற்றம் தொடங்கிவிட்டது. எனவே அந்த வாதத்தின் பலம் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருப்பது சம்பள உயர்வும் விடுப்பும். அதற்கு எதிரே, இன்று குத்தகையாளர், துணைக் குத்தகையாளர் இருவரின் லாபத்தையும் அரசாங்கம்தான் கட்டுகிறது என்பதை வைத்துப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, சின்ன முதலாளிகளின் கவலை. இதை நான் லேசாக எடுக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைக்காரருக்கும் பினாங்கு பசார் தெருவில் மளிகை வைத்திருப்பவருக்கும் 1,700 கனமாகத்தான் இருக்கும். அதனால்தான் ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு 2025 ஜூலை இறுதி வரை அவகாசம் தரப்பட்டது. ஆனால் அவருடைய பிரச்சினை வேறு, அரசாங்க டெண்டர் எடுக்கும் நிறுவனத்தின் பிரச்சினை வேறு. பூக்கடைக்காரரை முன்னால் நிறுத்திப் பெரிய குத்தகையாளர் பின்னால் ஒளிந்துகொள்ள விடக்கூடாது.

குத்தகை மாறும் மாதத்தில்

சட்டம் மாறும்வரை இன்றிருக்கும் உரிமைகளையாவது கைவிடாமல் பிடிக்கவேண்டும். குடும்பத்தில் யாராவது இந்த வேலையில் இருந்தால் அவர்களோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். வேலை நேரம் குறைக்கப்பட்டிருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பாருங்கள். அரைநேரம் என்று மாறியிருந்தால் விடுப்பும் சேர்ந்து குறையும்.

2. சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதிக்குள் வரவேண்டும். சம்பளச் சீட்டு கட்டாயம்.

3. சேமநிதியும் சொக்சோவும் மறுமாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்படவேண்டும். சேமநிதியின் கைத்தொலைபேசிச் செயலியில் மாதாமாதம் பார்க்கலாம். குத்தகையின் கடைசி இரண்டு மூன்று மாதங்களை மிகக் கவனமாகப் பாருங்கள். நிறுவனம் கிளம்பியபின் பணத்தைத் தேடுவது கடினம்.

4. ‘ராஜினாமா செய்கிறேன்’ என்ற தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவர் என்று பதிவானால் இழப்பீடும் இல்லை, வேலைக் காப்புறுதியும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடியுமுன் நிறுத்தியிருந்தால் அந்தத் தேதியையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

5. சம்பள பாக்கி, விடுப்புப் பணம் என்றால் தொழிலாளர் இலாகா. நியாயமில்லாமல் வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்றால் தொழில் உறவு இலாகா. இரண்டும் வேறு வேறு அலுவலகம். பலர் ஒன்றுக்குப் போய்விட்டு இன்னொன்றைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவதற்குக் காலக்கெடு 60 நாள். வேலை போன நாளிலிருந்து அது ஓடத் தொடங்கும். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று பழைய குத்தகையாளர் இழுக்கும் நாட்களும் அந்த அறுபதில்தான் கழியும்.